பராக்கிரம பாண்டியன் வணங்கிய பாதங்கள்

தென்காசிக் கோபுரத்தைத் தொடங்கிய மன்னன் அது முடிந்து நின்றதைப் பார்க்கவில்லை. 1446-இல் காசி விசுவநாதர் கோயில் வேலையை ஆரம்பித்த பராக்கிரம பாண்டியன், பத்து ஆண்டுகள் கழித்து ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் கால்கோள் செய்தான். 1463-இல் அவன் காலம் முடிந்தது. கோயிலோடு பதினேழு ஆண்டுகள் கிடந்து உழைத்தவனுக்குக் கோபுர உச்சியில் கலசம் ஏறுவதைக் காணும் பேறு வாய்க்கவில்லை. மிச்ச வேலையை முடித்தவன் தம்பி குலசேகர பாண்டியன்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது சிறு வயதிலிருந்து காதில் விழுந்து வரும் கதை. கனவில் சிவபெருமான் வந்ததும், காசிக்குப் போகிற அடியார்கள் வழியிலேயே மாண்டுபோகிறார்கள், அதனால் இங்கேயே எனக்கொரு கோயில் கட்டு என்று சொன்னதும், எறும்புகள் சாரை சாரையாகப் போன வழியைப் பிடித்துக்கொண்டே போனால் சிற்றாற்றங்கரையில் செண்பக வனத்தில் லிங்கம் இருந்ததும் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவைதான். கோபுர வாசல் காற்றும் அப்படித்தான். மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலோடு இறங்கும் காற்று கோயிலுக்குள் புகுந்து கிழக்கு வாசலில் வெளியேறும்போது, உள்ளே நுழைபவரை ஒரு தள்ளு தள்ளும். ஆனி, ஆடியில் முந்தானையும் வேட்டியும் கையில் நிற்காது.

இத்தனையும் தெரிந்த நமக்கு, அந்தக் கோயிலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கும் சில பாடல்களைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. பராக்கிரம பாண்டியன் தன் பெயரை முத்திரையாக வைத்து விட்டுப்போன பாடல்கள் அவை. ஒன்றில் அவன் சொல்வதன் சாரம் இது: தென்காசிக் கோயில் தெய்வச் செயலால் அமைந்தது, என் செயலால் அல்ல. இதை இன்னும் விரிவாக்கிக் காப்பவர் எவரோ, அவர் அடியில் விழுந்து அவர் ஏவிய வேலையைச் செய்வேன். இன்னொன்றில் இன்னும் தெளிவாகவே பேசுகிறான். இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஒன்று வந்துவிட்டால், அப்போது அங்கு வந்து அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவர்களை இப்போதே பணிந்துவிட்டேன் என்கிறான்.

முடி தரித்த மன்னன், இன்னும் பிறக்காத ஒருவரின் காலில் விழுந்து, அதைக் கல்லிலும் பதிந்து வைத்துவிட்டுப் போகிறான். நீண்டகாலக் காரியங்களைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கல்தான்.

கல்வெட்டுப் பழக்கம் உள்ளவர்கள் ஒன்று சொல்வார்கள். அறத்தைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்று எழுதி வைப்பது தமிழ்நாட்டில் சோழர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். உண்மைதான். கூடவே இன்னொரு வழக்கமும் உண்டு. இந்தத் தர்மத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சபித்து முடிக்கும் கல்வெட்டுகள் எத்தனையோ. நான் சொல்லும் இந்த இரண்டு பாடல்களிலும் பயமுறுத்தல் கிடையாது. கெடுக்க வருகிறவனோடு மன்னனுக்குப் பேச்சே இல்லை. காக்க வருகிறவனோடு மட்டும் பேசுகிறான். அதுவும் முதலில் தன் பெருமையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறான். ‘நான் கட்டினேன், நீ காப்பாற்று’ என்றால் பின்னால் வருகிறவன் வேலைக்காரன் ஆகிறான். ‘இது என் செயல் இல்லை, நீ வந்து செய்யப்போவதும் இதே வேலைதான்’ என்றால் அவன் பங்காளி ஆகிறான். மனிதர்களைச் சேர்க்கத் தெரிந்த ஒருவனின் பேச்சு இது.

ஏன் இப்படிப் பேசினான் என்று யோசித்தால் அவன் நின்ற இடம் தெரிகிறது. 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. பிறகு சுல்தான்கள் ஆண்டார்கள். அவர்களை வென்று விசயநகரத்துக் குமார கம்பணன் வந்தான். இத்தனைக்கும் பிறகு பாண்டியர்களுக்கு மதுரை திரும்பக் கிடைக்கவில்லை. தெற்கே ஒதுங்கி, பொதிகை அடிவாரத்தில் சிறிய நாட்டை வைத்துக்கொண்டு, தென்காசியில் முடிசூடிக்கொண்டார்கள். ஆயிரம் ஆண்டு பழைய தலைநகரே கைவிட்டுப் போகும் என்பதைத் தன் குலத்தின் வரலாற்றிலேயே படித்தவன் பராக்கிரம பாண்டியன். கட்டினது நிற்கும் என்ற நிச்சயம் அவனுக்கு இருந்திருக்காது. நிற்காமல் போனால் யாராவது வரவேண்டுமே என்ற கவலை இருந்திருக்கும். அந்தக் கவலையோடுதான், சுருங்கிப்போன நாட்டில், பெரிய பாண்டியர்கள் ஆசைப்பட்டிருக்கக்கூடிய அளவில் ஒரு கோபுரத்தைத் தொடங்கினான் என்று நான் நினைக்கிறேன்.

அவனுடைய வழிவந்தவர்கள் பதினாறாம் நூற்றாண்டு தாண்டியும் இங்கே இருந்தார்கள். நைடதமும் வெற்றிவேற்கையும் பாடிய அதிவீரராம பாண்டியன் அந்த மரபில் வந்தவன். அதன் பிறகு பாண்டியர் என்ற பெயரே ஆட்சியிலிருந்து மறைந்தது. கோயில் மட்டும் இருந்தது.

அறுபத்தாறு ஆண்டுகள்

வரக்கூடாத குறை 1924-இல் வந்தது. கோபுரம் தீக்கு இரையானது. பெரிய கோபுரங்களின் அடித்தளம் கல். அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே நிலைக்கு நிலை மரத் தளமும் உத்திரமும். தீப்பிடித்தால் மரம் எரிந்து, அதை நம்பி நிற்கும் செங்கல் கட்டும் போய்விடும். தென்காசியில் மேல்கட்டு அழிந்து, கல் அடித்தளம் மட்டும் நின்றது. மொட்டைக் கோபுரம் என்றே ஊர் அதை அழைத்தது.

புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990 ஜூன் 25 அன்று. நடுவில் அறுபத்தாறு ஆண்டுகள். கோபுரம் எரிந்தபோது பத்து வயதாக இருந்த பையன் எழுபத்தாறு வயதில்தான் மறுபடி அதை முழுசாகப் பார்த்திருப்பான். இடைப்பட்ட காலத்தில் இந்த ஊரில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்து, மொட்டைக் கோபுரத்தை மட்டுமே பார்த்துப் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ.

தினத்தந்தி அதிபர் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணி அது. அவருக்கு இருந்த பத்திரிகைச் செல்வாக்கும் வசதியும் காரியத்துக்கு உதவின என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வசதி உள்ளவர்கள் அதற்கு முன்னாலும் தென் மாவட்டத்தில் இருந்தார்கள். கோபுரம் என்பது ஒரு காசோலையில் எழும்பும் பொருள் இல்லை. அரசின் அனுமதி வேண்டும், அறநிலையத் துறையின் ஒத்துழைப்பு வேண்டும், ஸ்தபதியும் பொறியாளரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும், நன்கொடையாளர்களுக்குள் மனத்தாங்கல் வரக்கூடாது, ஊரார் இது நம்முடையது என்று நினைக்கவேண்டும். இவற்றில் எந்த ஒன்று பிசகினாலும் வேலை அந்தந்த நிலையிலேயே நின்றுவிடும். பாதியில் நின்ற திருப்பணிகளைத் தமிழ்நாட்டில் தேடிக்கொண்டு போகவேண்டியதில்லை. தென்காசியில் வேலை நிற்கவில்லை. கோபுரம் இன்று சுமார் 178 அடி உயரத்துக்கு ஒன்பது நிலையோடு நிற்கிறது. பராக்கிரம பாண்டியன் போட்ட கணக்கும் ஒன்பதுதான்.

1463-இல் இறந்தவன் சொல்லி வைத்ததை 1990-இல் செய்து முடித்தார்கள். 527 ஆண்டுகள். 2025 ஏப்ரலில் மறுபடியும் குடமுழுக்கு நடந்தது.

ஜெர்மனியில் கொலோன் நகரத்துத் தேவாலயத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1248-இல் தொடங்கி, பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றுபோய், அரைகுறைக் கோபுரத்தின் மேல் பழைய பளுதூக்கி மரம் நூற்றாண்டுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருந்தது. 1814-இல் பழைய முகப்பு வரைபடத்தின் ஒரு பகுதி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மறுபகுதியும் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு 1880-இல் கட்டி முடித்தார்கள். அங்கே முன்னோர் விட்டுச்சென்றது வரைபடம். எப்படிக் கட்டுவது என்று அது சொன்னது. நம் ஆள் விட்டுச்சென்றது ஒரு வேண்டுகோள். ஏன் கட்டவேண்டும், கட்டுகிறவர் யாருக்கு உறவு என்று அது சொன்னது. இரண்டும் தேவைதான். வேண்டுகோள் இருந்தால் வரைபடத்தை எப்படியாவது உண்டாக்கிக்கொள்ளலாம். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவதுதான் கடினம்.

குற்றாலத்தில் ஒரு வீடு

தென்காசியிலிருந்து குற்றாலம் பக்கத்தில்தான். சீசன் நாளில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வண்டி வண்டியாக ஜனம் போகும் அந்த ஊரில், கற்களை நம்பாமல் முழுக்க மனிதர்களை நம்பியே ஒரு காரியத்தைச் செய்தவர் வாழ்ந்தார். ரசிகமணி டி.கே.சி. என்று தமிழ்நாடு அழைத்த டி.கே. சிதம்பரநாத முதலியார்.

1882-இல் பிறந்தவர். சட்டம் படித்தார், வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபை உறுப்பினர். பிறகு ஐந்து ஆண்டுகள் அறநிலைய வாரியத்தில் ஆணையர். இவை எல்லாம் வாழ்க்கைக் குறிப்பில் வரும் வரிகள். அவர் வாழ்நாள் பூராவும் விடாமல் செய்த வேலை வேறு. கம்பனைப் படிப்பு வாசனை மட்டும் உள்ள சாதாரணத் தமிழர்கள் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்பது அது. அக்காலத்தில் கம்பராமாயணம் உரை நூல்களுக்குள்ளும் பண்டிதர்களின் வாதங்களுக்குள்ளும் அடைபட்டுக் கிடந்தது. ஆங்கிலம் படித்த வக்கீல்களும் அதிகாரிகளும் ஷேக்ஸ்பியரைத் தலைகீழாகச் சொல்வார்கள், கம்பன் என்றால் கும்பிட்டு விலகிவிடுவார்கள். அவர்களைத் திருப்பவேண்டும். இதற்கு இயக்கம் நடத்தலாம், மாநாடு கூட்டலாம், எதிராளிகளைத் திட்டிக் கட்டுரை எழுதலாம். டி.கே.சி. வீட்டுக்கு அழைத்தார்.

1920-களின் நடுவில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டில், வட்டமாக அமைந்த தொட்டிக்கட்டில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடினார்கள். அந்த இடத்தின் பெயரே கூட்டத்துக்கும் வந்து, வட்டத்தொட்டி என்றானது. தலைவர் கிடையாது, தீர்மானம் கிடையாது, சந்தா கிடையாது. ஒரு பாட்டை எடுப்பார். ஒரு தடவை சொல்வார். இன்னொரு தடவை, சீர் சீராக நிறுத்திச் சொல்வார். கேட்கிறவர் முகத்தில் ஏதோ ஒன்று மலரும்வரை அடுத்த பாட்டுக்குப் போகமாட்டார். அரை மணி ஆனாலும் சரி, ஒரு மணி ஆனாலும் சரி. பன்னிரண்டாயிரம் பாட்டுகளுக்கு அருகே வரும் காப்பியத்தை இந்த வேகத்தில் நாட்டுக்குச் சொல்ல முடியுமா என்று கணக்குப் பார்க்கிறவர் இதைத் தொடங்கியே இருக்கமாட்டார். தனக்குப் பன்னிரண்டாயிரம் பாட்டும் வேண்டாம், ஒரு பாட்டில் உண்மையாக மயங்கிய நாலு பேர் கிடைத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

பார்த்துக்கொள்ளவும் செய்தார்கள். வட்டத்தொட்டிக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் பாஸ்கரத் தொண்டைமான். அரசுப் பணியில் உயர்ந்து தஞ்சாவூருக்குப் போன இடத்தில், கேட்பாரற்றுக் கிடந்த சிற்பங்களைச் சேர்த்து 1951-இல் தஞ்சைக் கலைக்கூடம் உருவாகக் காரணமாக இருந்தார். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதி, கோயில் பார்க்கப் போகிறவர்களுக்குச் சிற்பம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். இன்னொருவர் நீதிபதி எஸ். மகராஜன். சாகித்திய அகாதெமிக்காகக் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி, தமிழ் தெரியாத இந்தியர்களுக்கு அவனை அறிமுகம் செய்தார். காரைக்குடியில் 1939-இல் கம்பன் திருநாளைத் தொடங்கிய சா. கணேசன் டி.கே.சி. மீது வைத்திருந்த மதிப்பு தமிழ்கூறும் உலகம் அறிந்தது. இன்று சென்னை முதல் யாழ்ப்பாணம் வரை எத்தனை கம்பன் கழகங்கள்! டி.கே.சி. அவற்றில் ஒன்றையும் தொடங்கவில்லை. தொடங்கத் தூண்டிய ருசியைத் தொடங்கி வைத்தவர் அவர்.

பிறகு குற்றாலத்தில் வந்து தங்கினார். அந்த வீட்டைத் தேடி ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நட்பும் அந்த வீட்டோடு பின்னிக் கிடந்தது. அருவிக் குளியல், இலை போட்டுச் சாப்பாடு, பிறகு பாட்டு. வந்தவர் பெரிய பதவியில் இருப்பவரா, வேலை தேடும் பையனா என்று பந்தியில் வித்தியாசம் இருந்ததில்லை என்று அங்கே சாப்பிட்டவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். வர முடியாதவர்களுக்குக் கடிதம். அவர் எழுதிய கடிதங்கள் பின்னால் நூல்களாகவே வந்தன. படித்துப் பார்த்தால் அவர் வேலை செய்த விதம் தெரியும். உடல்நலம் விசாரிப்பார், குழந்தை எப்படி இருக்கிறது என்பார், சாரல் எப்படி என்று சொல்வார், அப்படியே நழுவி ஒரு பாட்டுக்குள் போய்விடுவார். படிக்கிறவர் பாடம் கேட்கிறோம் என்று உணரும் முன்பே பாட்டு உள்ளே இறங்கியிருக்கும். மகனை இளம் வயதிலேயே பறிகொடுத்த துயரம் அவருக்கு இருந்தது. அதற்குப் பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை, இலை போடுவதும் நிற்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் ஆகாது. கம்பராமாயணத்தில் பெரும்பகுதி இடைச்செருகல் என்று டி.கே.சி. நம்பினார். தன் செவிக்குப் பிடிபடாத பாட்டுகளைத் தள்ளினார், சில இடங்களில் சொல்லையே திருத்தினார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ அந்த முறையில் வந்த பதிப்பு. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த அறிஞர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள், என் கணிப்பில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஒரு தனிமனிதரின் ரசனையை வைத்துப் பழைய நூலை வெட்ட முடியாது. ஆனால் பாருங்கள், அவருடைய பாடத்தேர்வை ஒதுக்கிய பிறகும் அவருடைய காரியம் நின்றது. ஏனென்றால் அவர் உண்டாக்கியது பதிப்பை அல்ல, படிப்பவர்களை. பிழையான முடிவுகளையும் தாண்டி ஒரு காரியம் பிழைத்துக்கொள்வது, அதை ஏற்றுக்கொண்ட மனிதர்கள் சொந்தப் புத்தியோடு தொடரும்போதுதான். 1954-இல் டி.கே.சி. மறைந்தார். அவரை மறுத்தவர்களும் கம்பனைப் பாடிக்கொண்டுதான் மறுத்தார்கள்.

மத்தளம்பாறையும் கடையமும்

தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில் மத்தளம்பாறை. இப்போது உலகத்துக்குத் தெரிந்த பெயராகிவிட்டது. அதற்குக் காரணம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, பின்னால் ஸோஹோ ஆன மென்பொருள் நிறுவனம். வெளியார் முதலீட்டை வாங்காமல், சம்பாதித்ததிலிருந்தே வளர்வது என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பிடிவாதமாக இருந்தார். 2011-இல் தென்காசியில் அலுவலகம் திறந்தபோது, மென்பொருள் எழுத ஆள் வேண்டும் என்றால் பெங்களூருக்கும் சென்னைக்கும்தான் போகவேண்டும் என்ற எண்ணம் எல்லாரிடமும் இருந்தது. ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருளை இங்கே இருந்தே உருவாக்கி உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அலுவலகத்தைவிட அவர்கள் நடத்தும் பள்ளி. 2005-இல் ஆறு மாணவர்களோடு தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாதம் உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஆறு பேரை வைத்துக்கொண்டு இதைத் தொடங்க ஒரு நிதானம் வேண்டும். அதைவிட, ‘கல்லூரிப் பட்டம் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பெண் கிடைக்குமா?’ என்று கேட்கும் அப்பா அம்மாவை உட்காரவைத்துப் பேசிச் சம்மதிக்கவைக்கும் பக்குவம் வேண்டும். நம் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தப் பள்ளியும் நடத்த முடியாது. வளர்ச்சி என்றால் ஊரைவிட்டுப் போவது என்று மூன்று தலைமுறையாகப் பழகிய வட்டாரத்தில், வேலை ஊருக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. வேம்புவின் மற்றக் கருத்துகளோடு உடன்படாதவர்கள்கூட இதை ஒத்துக்கொள்கிறார்கள்.

தென்காசிக்குத் தனி மாவட்டம் வந்த கதையும் இதே பொறுமையைக் கேட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்க, சங்கரன்கோவில், செங்கோட்டைப் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டவர்கள் இந்தக் கோரிக்கையைப் பல பத்தாண்டுகள் சுமந்தார்கள். 2019 ஜூலையில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஒரே கட்சியின் கோரிக்கையாக இருந்திருந்தால் ஆட்சி மாறும்போதெல்லாம் செத்திருக்கும். எல்லாக் கட்சிக்காரரும், வியாபாரிகளும், வக்கீல்களும் தங்கள் கோரிக்கையாகவே பேசியதால் பிழைத்தது.

மத்தளம்பாறைச் சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் கடையம் வரும். பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். புதுச்சேரியிலிருந்து வெளியேறி, கடலூரில் கைதாகி, 1918 டிசம்பரில் விடுதலையான பாரதி இங்கேதான் வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் இருந்தார். 1920-இல் இங்கிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடப் போகிறேன், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு விற்கும், அச்சுச் செலவுக்கு இருபதாயிரம் ரூபாய் வேண்டும், நண்பர்கள் கடனாகக் கொடுங்கள், வட்டியோடு திருப்புகிறேன் என்று கணக்கெல்லாம் போட்டு எழுதியிருந்தார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில், நாற்பது வயது நிறையும் முன்பே திருவல்லிக்கேணியில் இறந்துபோனார்.

அந்தக் கணக்கைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும். பாரதிக்கு விடாமுயற்சி இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் கேட்ட நேரத்தில் கொடுக்கக் கை இல்லை. அந்தக் கை அவர் வீட்டுக்குள்தான் இருந்தது. செல்லம்மா, புருஷனை இழந்த மறு வருஷமே, 1922-இல் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவர் பாட்டுகளை அச்சிட்டு வெளியிட்டார். கையில் காசு இல்லாத, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த கடையத்து அம்மாள் அவர். ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நாம் யூகித்துக்கொள்ளலாம். பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் உறவினர்களும் பாரதி பிரசுராலயம் நடத்தினார்கள். 1928-இல் அரசு பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தபோது சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து கேட்டார். 1940-களின் கடைசியில், பாரதி எழுத்து ஒருவர் சொத்தாக இருக்கக்கூடாது என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ச்சி செய்தார்கள். அதிலும் ஒரு நயம் இருந்தது. உரிமைக்காகச் சத்தம் போட்டதோடு நிறுத்தாமல், திருலோக சீதாராம், நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் முதலியோர் திருநெல்வேலிக்குப் போய், செல்லம்மாவை நேரில் பார்த்து, அவர் சம்மதத்தைப் பெற்று வந்தார்கள். குடும்பத்தின் மனம் நோகாமல் காரியம் நடக்கவேண்டும் என்ற அக்கறை அது. 1949-இல் அரசு உரிமையைப் பெற்றது. 1955-இல் அதை நாட்டு மக்களுக்கே விட்டுக்கொடுத்தது. எழுத்தாளர் ஒருவரின் எழுத்து இப்படி அரசு வழியாக மக்கள் உடைமையானது நம் நாட்டில் அதுவே முதல் முறை.

செல்லம்மா அந்த ஆண்டுதான் காலமானார். நாற்பது நூல், பத்தாயிரம் பிரதி என்ற கணக்கை இன்று தமிழ்நாட்டில் எந்தப் பதிப்பாளரும் அரசின் அனுமதி கேட்காமல் நிறைவேற்றலாம். பல பேர் நிறைவேற்றிவிட்டார்கள். கடையத்தில் இப்போது செல்லம்மாவும் பாரதியும் சேர்ந்து நிற்கும் சிலையும், அவர்கள் பேரில் ஒரு கற்றல் மையமும் இருக்கின்றன. அந்த வழியாகப் போகும் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டு, பாரதியைப் பற்றிச் சொல்லும்போது, 1922-இல் அச்சகத்துக்கு நடந்த அந்த அம்மாளைப் பற்றியும் சொல்லவேண்டும்.